சுத்தியலுக்கு முன் குறிப்பேடு: புதைபடிவக் களப்பயணம் – வாசகர் கேள்வி பதில்

புதைபடிவம் தேடும் ஆர்வலர் குழு ஒன்றுடன் ஒரு நாள் களப்பயணம் போய்வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில், போகலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போய்வந்த பிறகு கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, இனி இதை என்ன செய்வது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களைத் தவிர்த்து, பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் வணிகவியல் படித்தவள். பாறைகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட குழுவில் சேர்ந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனோ என்று தயக்கமாக இருக்கிறது. சேரலாமா?

பதில்: தயங்காமல் சேருங்கள். இந்தத் துறை வளர்ந்ததே உங்களைப் போன்றவர்களால்தான். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரெஜிஸ் என்ற ஊரில் 1799-இல் பிறந்த மேரி ஆனிங், மரவேலை செய்துவந்த தந்தையோடு கடற்கரைப் பாறைகளில் அலைந்து புதைபடிவம் தேடக் கற்றுக்கொண்டவர். 1811-இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். அதற்குரிய உடலை மேரி மறு ஆண்டு தேடிக் கண்டுபிடித்தார். அது இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனவற்றுள் ஒன்று. 1823-இல் பிளீசியோசார் என்ற நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவற்றின் ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூட்டையும் அவரே வெளிக்கொணர்ந்தார். அவர் கண்டெடுத்தவற்றை வைத்துக் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றவர்கள் வேறு சிலர். லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1919-இல்தான். மேரி 1847-லேயே இறந்துவிட்டார். இகுவானோடான் என்ற டைனோசரை 1825-இல் உலகுக்கு அறிவித்த கிடியன் மான்டெல்லும் தொழிலால் மருத்துவரே.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறை ஒன்றில் இறகு போன்றதொரு பதிவை 1956-இல் டினா நீகஸ் என்ற பள்ளி மாணவி பார்த்தார். அந்தப் பாறை, ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துக்கும் முற்பட்டது. அதில் புதைபடிவம் இருக்க வழியில்லை என்று அவருடைய ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்றைய பாடநூல்களின்படி ஆசிரியர் சொன்னதில் தவறில்லை. மறு ஆண்டு அதே பதிவைப் பார்த்த ரோஜர் மேசன் என்ற மாணவரின் செய்தி, டிரெவர் ஃபோர்ட் என்ற புவியியலாளரை எட்டியது. அவர் நேரில் வந்து பார்த்தார். 1958-இல் அந்த உயிரினத்துக்குச் சார்னியா மேசனி என்று பெயரிட்டார். ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரினம் அது. இருவரும் கண்டது ஒன்றேதான். ஒருவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை, மற்றவர் சொன்னதைக் கேட்க ஆளிருந்தது. குழுவில் சேருவதால் கிடைக்கும் முதல் பயன் இதுதான் என்பேன். முதல் பயணத்தில் உங்களுக்குத் தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பழகிய ஒருவருடன் இணைந்து நடங்கள்.

கேள்வி: பயணத்துக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? சுத்தியல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

பதில்: கடிதம் எழுதிய பதினோரு பேரில் ஒன்பது பேர் சுத்தியலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், குறிப்பேட்டைப் பற்றிக் கேட்டவர் ஒருவரே. நான் அந்த ஒருவரின் பக்கம்.

கெட்டி அட்டை போட்ட சிறு குறிப்பேடு, இரண்டு பென்சில், எழுத்து அழியாத மை உள்ள பேனா, பல அளவுகளில் உறைகள், பழைய செய்தித்தாள், மென்மையான காகிதச் சுருள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ், ஓர் அளவுகோல், இடத்தின் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) காட்டும் கைப்பேசி ஆகியவை பைக்குள் போன பிறகு இடம் மீதியிருந்தால் சுத்தியலை வையுங்கள். அது புவியியலாளர்கள் பயன்படுத்துகிற, தலையும் கைப்பிடியும் ஒரே எஃகால் ஆன சுத்தியலாக இருக்க வேண்டும். தச்சர் சுத்தியலால் பாறையை அடித்தால் அதன் முகப்பிலிருந்து எஃகுச் சில்லு தெறிக்கக்கூடும். ஒரு சுத்தியலின் தலையை இன்னொரு சுத்தியலால் அடிப்பதும் அதே காரணத்துக்காகவே கூடாது. பாறையைப் பிளக்க உளிதான் வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவர் சுத்தியலைத் தொடவே கூடாது என்பதை எங்கள் குழுவில் விதியாகவே வைத்திருக்கிறோம். அருகில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அந்த விதி பொருந்தும். தெறிக்கும் சில்லுக்கு அடித்தவர் யார், பார்த்தவர் யார் என்று தெரியாது.

பெரும்பாலான நாட்களில் சுத்தியல் பைக்குள்ளேயே கிடந்து வீடு திரும்பிவிடும். மழையும் அலையும் உறைபனியும் பாறையை உடைத்து, உள்ளே இருப்பதை நமக்கு முன்பே வெளியே எடுத்துப் போட்டிருக்கின்றன. அவை நூறு ஆண்டுகளாகப் பொறுமையாகச் செய்த வேலையை நாம் பத்து நிமிடத்தில் செய்ய முயன்றால், பாதிக்குப் பாதி நொறுங்கித்தான் போகும்.

கேள்வி: மற்றவர்கள் குனிந்து குனிந்து எதையோ எடுக்கிறார்கள், என் கண்ணுக்கு வெறும் கல்தான் தெரிகிறது. எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்: என் முதல் பயணத்தில் மூன்று மணி நேரம் நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. குழுவில் மூத்தவர் ஒருவர் என்னைச் சரிவின் ஓர் இடத்தில் உட்காரவைத்து, “இந்த நான்கு அடி இடத்தை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள், எழுந்திருக்கக் கூடாது” என்றார். கால் மணி நேரம் எரிச்சலிலேயே போயிற்று. அதன் பிறகு, பொத்தான் போன்ற சிறிய வட்டக் கல் ஒன்று கண்ணில் பட்டது. கடல் அல்லி எனப்படும் கிரினாய்டின் தண்டுத் துண்டு அது. ஒன்றைக் கண்ட கண், அடுத்த பத்து நிமிடத்தில் அதே நான்கடிக்குள் இன்னும் ஆறைக் கண்டது. அவை அதுவரை எங்கும் போய்விடவில்லை. எதைத் தேடுவது என்று கண்ணுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

தேட வேண்டியது படிவுப் பாறைகளில். சுண்ணாம்புக்கல், களிப்பாறை, மணற்கல் ஆகியவை நீரடியிலோ காற்றிலோ படலம் படலமாகப் படிந்தவை. கருங்கல் போன்று உருகிய குழம்பிலிருந்து இறுகிய பாறைகளில் தேடிப் பயனில்லை. இயற்கை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் சரிவில், ஒழுங்கு தென்படும் இடத்தில் நில்லுங்கள்: சம இடைவெளியில் ஓடும் வரிகள், சுருள், ஆரங்கள், இரு பக்கமும் ஒத்த வடிவம், சுற்றியுள்ள கல்லிலிருந்து மாறுபட்ட பளபளப்பு. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது மேடு பள்ளங்களின் நிழல் நீண்டு, மங்கிய பதிவும் எழுந்து தெரியும். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

சரிவின் அடியில் ஒரு துண்டு கிடைத்தால், அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடாதீர்கள். அது மேலிருந்து உருண்டு வந்தது. அதே வகைத் துண்டுகள் மேலே ஏற ஏற எதுவரை தென்படுகின்றன, எந்த அடுக்குக்கு மேல் மறைந்துவிடுகின்றன என்று பின்தொடர்ந்து போனால், அது உதிர்ந்த அடுக்கையே கண்டுபிடித்துவிடலாம். உருண்டு வந்த கல்லுக்கும் அடுக்கிலேயே பதிந்திருக்கும் கல்லுக்கும் மதிப்பில் மலையளவு வேறுபாடு உண்டு.

சிப்பி வகைகளைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு குறிப்பு: இன்று நாம் உண்ணும் சிப்பிகளின் இனத்தில் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும். பிராக்கியோபாட் என்ற தொன்மையான இனத்தில் இரண்டு ஓடுகளும் வேறு வேறாயிருக்கும். ஆனால் ஒவ்வோர் ஓட்டின் நடுவிலும் கோடு கிழித்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும். விலக்குகள் உண்டென்றாலும், களத்தில் பத்துக்கு ஒன்பது முறை இது கைகொடுக்கும்.

கேள்வி: பெரணி இலை போன்ற அழகான கருநிறப் பதிவு உள்ள கல் ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்துத் தாவரம் என்று சொல்ல முடியுமா?

பதில்: படத்தைப் பார்த்தேன். அது தாவரம் அன்று. பாறையின் விரிசல்களில் நீர் ஊறும்போது மாங்கனீசு ஆக்சைடு கிளை கிளையாகப் படிந்து இப்படித் தோன்றும். இலையானால் நடுநரம்பும், தண்டில் ஒழுங்காகப் பிரியும் சிற்றிலைகளும் இருக்கும். இதில் கிளைகள் விரிசலின் ஓரத்திலிருந்து கிளம்பி மனம்போனபடி பரவியிருக்கின்றன. இதே போல, “டைனோசர் முட்டை” என்று எழுதிவந்த மூன்று கடிதங்களிலும் இருப்பவை படிவுக்குள் தாதுக்கள் திரண்டு உருவான உருண்டைக் கற்கள். வருந்த வேண்டாம், இந்த ஏமாற்றத்துக்குத் தப்பியவர் எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை.

ஆனால் உருண்டைக் கல் என்றாலே வெறுங்கல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் கிரீக் என்ற இடத்து உருண்டைகளுக்குள் ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலைகளும் பூச்சிகளும் மெல்லுடல் விலங்குகளும் கிடைக்கின்றன. எந்த விலங்கினத்தில் சேர்ப்பது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கும் ‘டல்லி மான்ஸ்டர்’ அங்கிருந்து வந்தது. அதைக் கண்டெடுத்த பிரான்சிஸ் டல்லியும் ஓர் ஆர்வலர்தான். அங்கே தேடுகிறவர்கள் அத்தகைய கற்களைச் சுத்தியலால் அடிப்பதைவிட, நீரில் ஊறவைத்து, உறையவைத்து, இளகவைத்து, அது தானாகவே வலுவற்ற தளத்தில் பிளக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் உடல்தான் பெரும்பாலும் அந்த வலுவற்ற தளம்.

கேள்வி: எலும்பு எப்படிக் கல்லாகிறது? அதைத் தெரிந்துகொள்வதால் களத்தில் ஏதாவது பயன் உண்டா?

பதில்: உண்டு. இறந்த உயிர் பெரும்பாலும் தின்னப்பட்டும் அழுகியும் சிதைந்தும் மறைந்துவிடும். சேறோ மணலோ விரைவில் மூடிக்கொண்டால்தான் ஒரு வாய்ப்பு கிடைக்கும். மூடிய பிறகு, நிலத்தடி நீரில் கரைந்த தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து அதைக் கனக்கவைக்கலாம். ஓட்டின் பொருளே கரைந்து வேறொரு தாது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது ஓடு முழுவதும் கரைந்து வெற்றிடம் மட்டும் அச்சாக நிற்கலாம். பிற்பாடு அந்த வெற்றிடத்தில் வேறு படிவு நிரம்பினால் அது வார்ப்பு. காலடித் தடம், புழு துளைத்த வளை, எச்சம் போன்ற, உடல் அல்லாத அடையாளங்களும் புதைபடிவங்களே.

களத்தில் இதன் பயன் இதுதான்: ஒரு பலகைக் கல்லைப் பிளந்ததும் ஒரு பாதியில் மீனின் எலும்பு தெரிகிறது, மறு பாதியில் வெறும் பள்ளம் தெரிகிறது என்றால், பள்ளம் உள்ள பாதியைத் தூக்கி எறியாதீர்கள். எலும்பு ஒட்டாத அந்தப் பாதியில்தான் தோலின் பதிவோ செதிலின் வரியோ தெளிவாக விழுந்திருக்கக்கூடும். இரண்டு பாதிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, ‘அ’, ‘ஆ’ என்று குறித்து, நடுவில் காகிதம் வைத்துச் சேர்த்துக் கட்டுங்கள். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஒற்றை இறகு, 1861-இல் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற தொல்பறவையின் பெயரோடு விவரிக்கப்பட்டது. அதன் இரு பாதிகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: குறிப்பேட்டில் என்னதான் எழுதுவது? “கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை, ஓர் அம்மோனைட்” என்று எழுதினால் போதாதா?

பதில்: இதைக் கேட்டவர்தான் அந்த ஒருவர். போதாது. அம்மோனைட் என்பது சுருண்ட ஓடுடைய, அழிந்துபோன கடல் உயிரினம். எந்த அடுக்கில், எந்த உயரத்தில் இருந்தது என்று தெரியாத அம்மோனைட், அழகான மேசைப் பொருள். தெரிந்த அம்மோனைட், ஒரு சாட்சி.

கீழே உள்ள அடுக்கு முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்ற எளிய உண்மையை டென்மார்க்கு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதிவைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ‘நாக்குக் கற்கள்’ என்று அந்நாளில் அழைக்கப்பட்டவை சுறாவின் பற்களே என்று வாதிட்டவரும் அவரே. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவக் கூட்டம் உண்டு, அதைக் கொண்டு நூறு மைலுக்கு அப்பால் உள்ள அடுக்கையும் இதுதான் அது என்று அடையாளம் காணலாம் என்பதைக் கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையராக இருந்த வில்லியம் ஸ்மித் கண்டறிந்தார்; 1815-இல் அவர் வெளியிட்ட புவியியல் வரைபடம் அந்த அறிவின் மேல்தான் எழுந்தது. அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறிக்கொண்டே இருந்ததால், ஜுராசிக் காலத்துப் பாறைகளைச் சில இடங்களில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவான துண்டுகளாக அவற்றைக் கொண்டு பிரிக்க முடிகிறது. அரை மீட்டர் உயரம் தவறாகக் குறித்தால் ஒரு காலத்துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட நேரும்.

ஆகையால், கல்லைத் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். பிறகு சில அடி பின்னால் நகர்ந்து, பாறைமுகம் முழுவதும் தெரியும்படி இன்னொரு படம். ஆயங்களைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். அடுக்கிலேயே இருந்ததா, உதிர்ந்து கிடந்ததா என்பதை மறக்காமல் எழுதுங்கள். அடுக்கின் நிறம், துகளின் பருமன், எளிதில் அடையாளம் தெரியும் ஓர் அடுக்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்பது, எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது, பக்கத்தில் வேறு என்னவெல்லாம் கிடந்தன ஆகியவற்றையும் குறியுங்கள். சித்திரம் வரையத் தெரியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். நான்கு கோடும் ஒரு பெருக்கல் குறியும் போதும். உறையின் மேலும் உள்ளே வைக்கும் சீட்டிலும் குறிப்பேட்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். உறையின் மேல் மட்டும் எழுதினால், ஈரத்தில் அழிந்துபோன பிறகு அது உறை மட்டுமே.

வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஒரு பயணத்தில் ஏழு உறைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டியபோது, அவற்றில் இரண்டு எந்த ஓடையின் கரையிலிருந்து வந்தவை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டும் இன்று என் வீட்டில் காகிதம் பறக்காமல் வைக்கும் கற்கள்.

கேள்வி: கண்டெடுத்ததை எடுத்துக்கொண்டு போகலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களில் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவத்தை அனுமதியின்றி எடுப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் பொது நில மேலாண்மைத் துறையின் நிலங்களில், கல்மரத்தை (கல்லாகிப்போன மரத்தை) சொந்தப் பயன்பாட்டுக்காக நாளொன்றுக்கு 25 பவுண்டும் அதற்கு மேல் ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு மிகாமல், எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நிலப்பரப்பில் கிடப்பதை எடுத்து வைத்திருக்கலாம்; ஆனால் உரிமை அரசுக்கே, நீங்கள் காப்பாளர் மட்டுமே. டென்மார்க்கில் அறிவியல் மதிப்பு மிக்க புதைபடிவம் அரசுக்குச் சேர வேண்டும். கண்டெடுத்தவருக்கு அரசு வெகுமதி தருகிறது. என் மனத்துக்கு நேர்மையாகப்படுவது டென்மார்க்கின் வழி. ஒளித்துவைப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை அது ஓரளவு போக்கிவிடுகிறது.

எந்த நாடானாலும், நிலத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் கால் வைக்கக் கூடாது. வாய்மொழி அனுமதி, ஏதாவது கிடைக்கும்வரைதான் செல்லுபடியாகும்.

கேள்வி: எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம், குழந்தைகளின் கண் தரைக்கு அருகில் இருப்பதால் நம்மைவிட நன்றாகவே கண்டுபிடிப்பார்கள். ஆனால் செங்குத்தான பாறைமுகத்தின் அடியில் அவனை நிறுத்தாதீர்கள், குறிப்பாக மழை பெய்த மறுநாள். கடலோரமானால் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, அது திரும்புவதற்கு முன் வெளியேறிவிடுங்கள். கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்கு அழைத்துப் போகாதீர்கள். சுத்தியலை அவனுக்குக் கொடுக்காதீர்கள், லென்ஸைக் கொடுங்கள்.

கேள்வி: கொண்டுவந்த எலும்புத் துண்டு உடைந்துவிட்டது. உடனடிப் பசையால் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசலாம் என்று நினைக்கிறேன். அழுக்கை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாமா?

பதில்: மூன்றையும் செய்யாதீர்கள். வினிகர் அமிலம், சுண்ணாம்பைக் கரைக்கும். உங்கள் புதைபடிவமே சுண்ணாம்பாக இருந்தால், அழுக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஆய்வகங்களில் மெல்லிய அமிலத்தால் பாறையைக் கரைத்து எலும்பை வெளியே எடுப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வெளிப்பட்ட பகுதிக்குக் காப்புப் பூசி, நீரில் அலசி, உலர்த்தி, மாதக்கணக்கில் செய்யும் வேலை அது. களிமண்ணில் இருந்து வந்ததை வெறும் நீரில் போட்டாலும் குழைந்து போகலாம். முதலில் நன்றாக நிழலில் உலரவிட்டு, மென்மையான தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் தேவையான அளவுக்கு மட்டும் மண்ணை நீக்குங்கள்.

ஒட்டுவதற்கு அருங்காட்சியகங்கள் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகின்றன. நாளைக்குத் தவறாக ஒட்டியது தெரிந்தால் அதே அசிட்டோனைக் கொண்டு கழற்றிவிடலாம் என்பதே அதன் சிறப்பு. நீர்த்துப்போகக் கரைத்தால், நொய்ந்த எலும்புக்குள் ஊறி அதை உறுதிப்படுத்தவும் அது உதவும். உடனடிப் பசையையும் வார்னிஷையும் இப்படி எளிதாக விடுவிக்க முடியாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு இல்லாத அறையில் வேலை செய்யுங்கள்.

பொன்னிறமாக மின்னும் அம்மோனைட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது பைரைட் என்ற இரும்புச் சல்பைடு. காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் பட்டு அது கந்தக அமிலமாகவும் வெளிறிய தூளாகவும் மாறத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அம்மோனைட்டோடு அதன் சீட்டும் அரிக்கப்பட்டுவிடும். இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கந்தக வாடை அடித்தால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நான் கண்டெடுத்த ஒரு தாடைத் துண்டைக் குழுத் தலைவர் வாங்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். கண்டெடுத்தவன் நான், இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. இது நியாயமா?

பதில்: அனுப்பியது சரி, அனுப்பிய விதம் தவறு. உங்களைக் கேட்டு, உங்கள் குறிப்பையும் சேர்த்து, உங்கள் பெயரில் அனுப்பியிருக்க வேண்டும். தலைவருக்கு எழுதுங்கள், அருங்காட்சியகம் தந்த பதிவெண்ணைக் கேட்டுப் பெறுங்கள், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வார்ப்பு நகல் ஒன்று கிடைக்குமா என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்பது பேராசை ஆகாது.

ஏன் அனுப்பியது சரி என்று சொல்கிறேன் என்றால், 1983 ஜனவரியில் வில்லியம் வாக்கர் என்ற ஆர்வலர், இங்கிலாந்தின் சர்ரே பகுதிக் களிமண் குழி ஒன்றில் 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். மீதியையும் தானே தோண்டிவிடலாம் என்று அவர் இறங்கவில்லை. செய்தி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அவர்கள் வந்து முறையாக அகழ்ந்தபோது எலும்புக்கூட்டின் பெரும்பகுதி கிடைத்தது. வயிறு இருந்த இடத்தில், செரிமான அமிலம் அரித்த மீன் செதில்களும் இளம் இகுவானோடான் வகை விலங்கு ஒன்றின் எலும்புகளும் இருந்தன. இந்த டைனோசர் மீன் தின்றது என்பதற்கு நேரடிச் சான்று அந்தச் செதில்கள்தாம். எலும்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், அவை வெறும் மண்ணாகக் குழியிலேயே கிடந்திருக்கும். 1986-இல் ஆலன் சாரிக், ஏஞ்சலா மில்னர் இருவரும் அதை விவரித்தபோது பேரியோனிக்ஸ் வாக்கெரி என்று பெயரிட்டார்கள். நகத்தைக் கொடுத்தவரின் பெயர் அந்த இனத்தோடு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: களத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. நல்ல டிரைலோபைட் ஒன்றை விலைக்கு வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், அலங்காரத்துக்கு என்று தெரிந்தே. டிரைலோபைட் என்ற, அழிந்துபோன கணுக்காலிக் கடல் உயிரினத்தின் பெயரில் விற்கப்படுபவற்றுள், பிசினாலும் சாந்தாலும் செய்து பாறையில் பதித்தவை ஏராளம். முழுக்கப் பொய்யாக இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று உயிர்களின் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கியவையும் உண்டு. 1999-இல் ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற பெயரில், பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட விலங்கு என்று உலகப் புகழ்பெற்ற இதழொன்றில் வெளியானது, சந்தையில் வாங்கப்பட்ட அத்தகைய ஒட்டுக்கல்தான். உடல் ஒரு பறவையினுடையது, வால் ஒரு சிறு டைனோசருடையது. எந்தக் குழியில், எந்த அடுக்கில் எடுத்தது என்று சொல்ல யாருமில்லாத பொருளில் இந்த ஏமாற்று எளிது. லென்ஸில் காற்றுக் குமிழித் துளைகள் தெரிந்தாலோ, புதைபடிவத்தைச் சுற்றி மட்டும் கல்லின் நிறம் மாறினாலோ வைத்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: காலமான என் தாத்தாவின் பெட்டியில் நாற்பது, ஐம்பது புதைபடிவங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் சீட்டு இல்லை. இவற்றால் இனிப் பயன் உண்டா?

பதில்: ஓரளவு உண்டு; நீங்கள் இப்போது என்ன செய்யாமல் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எதையும் கழுவாதீர்கள், வகைவாரியாகப் பிரித்து அடுக்காதீர்கள். பெட்டிக்குள் எது எதனோடு சேர்ந்து கிடக்கிறது என்பதும் ஒரு செய்தி. ஒரே செய்தித்தாளில் சுற்றியவை ஒரே பயணத்தில் வந்தவையாக இருக்கலாம், அந்தத் தாளின் தேதி, அவற்றைச் சுற்றிவைத்தது எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதையும் காட்டும். முதலில் இருக்கிறபடியே படம் எடுங்கள். தாத்தாவுடன் பயணம் போனவர்கள் இருந்தால், அவர் எந்தெந்த ஆண்டுகளில் எங்கெங்கே போனார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய பழைய கடிதங்களையும் பயணச்சீட்டுகளையும் புரட்டுங்கள். ஆனால் ஊகத்தைச் சீட்டில் இடப்பெயராக எழுதிவிடாதீர்கள். ‘தாத்தாவின் பெட்டி, இடம் தெரியவில்லை’ என்று எழுதி, எண்ணும் இன்றைய தேதியும் இட்டால் போதும். தவறான இடப்பெயர், பெயரில்லாததைவிடக் கேடு. பின்னால் வருபவர் அதை நம்பிவிடுவார்.

புதைபடிவத்தில் ஒட்டியிருக்கும் பாறையையும் சுரண்டி எடுத்துவிட வேண்டாம். அதனுள் மணலை விடச் சிறிய ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகளோ மகரந்தத் துகள்களோ இருந்தால், அவற்றைக் கொண்டு அந்தக் கல்லின் காலத்தையும், சில வேளைகளில் அது வந்த அடுக்கையும்கூட ஆய்வாளர்களால் சொல்ல முடியும். பெட்டியின் அடியில் உதிர்ந்து தங்கியிருக்கும் மண்ணையும் கொட்டிவிடாதீர்கள். ஒரு தாளில் கூட்டி எடுத்து, தனி உறையில் இட்டு, அதற்கும் ஓர் எண் கொடுங்கள்.